ஃபைல்களின் வரலாற்றைச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் காலி ஃபோல்டரை ஏன் சேர்க்க முடியவில்லை? ஃபைல், ஃபோல்டர் எல்லாம் உள்ளே எப்படி இருக்கின்றன?

கமிட்டுக்கு, அதாவது அப்போதைய நிலையைப் பதிவு செய்வதற்கு, முன் எல்லாம் போய்ச் சேரும் இண்டெக்ஸ் என்ற பட்டியலில் ஃபைல்களுக்கு மட்டுமே இடம். ஃபோல்டருக்கென்று பதிவு கிடையாது. அதனால்தான் காலி ஃபோல்டருக்குள் .கிட்கீப் என்று ஒரு ஃபைலைப் போட்டு வைக்கிறார்கள். அந்தப் பெயர் வெறும் வழக்கம்தான், கிட்டுக்கு அது இன்னொரு ஃபைல், அவ்வளவே.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இங்கே இளந்தைக்குளத்தில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, கமாண்டுகளுக்கும் முன்னால் இதைத்தான் சொல்லித் தருவேன். மதுரை பஸ் நேரங்களை வைத்து ஒரு ப்ராஜெக்ட். 'மாட்டுத்தாவணி', 'ஆரப்பாளையம்' என்று இரண்டு ஃபோல்டர். இரண்டிலும் எழுத்து மாறாமல் ஒரே அறிவிப்பு ஃபைல் இருக்கிறது. கிட் அதை ஒரு தடவைதான் சேமிக்கும். ஃபைலின் உள்ளடக்கத்தைக் கிட் 'ப்ளாப்' என்று வைத்துக்கொள்ளும். உள்ளடக்கத்துக்கு முன்னால் அந்த வகையையும் பைட் அளவையும் சேர்த்து, எஸ்எச்ஏ-1 என்ற முறையில் ஓர் எண்ணைக் கணக்கிடும். வருகிற 40 இலக்க ஹெக்ஸ் எண்தான் அதன் முகவரி. ப்ளாபுக்குத் தன் பெயரும் தெரியாது, எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்பதும் தெரியாது.

பெயர் இருப்பது 'ட்ரீ'யில், அதாவது ஒரு ஃபோல்டரின் பட்டியலில். ஒவ்வொரு வரியிலும் மோட் (என்ன வகை என்று சொல்லும் எண்), பெயர், முகவரி. சாதாரண ஃபைல் என்றால் மோட் 100644. உள் ஃபோல்டர் என்றால் 040000, கூடவே இன்னொரு ட்ரீயின் முகவரி. கமிட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ட்ரீயைக் காட்டும்.

இப்போது ஆரப்பாளையத்தில் தேனி பஸ் நேரத்தை மாற்றுங்கள். ஒரு புது ப்ளாப், ஆரப்பாளையத்துக்குப் புது ட்ரீ, மேலே புது ட்ரீ. மாட்டுத்தாவணியின் ட்ரீ பழையதே, தொடக்கூட இல்லை. எத்தனை பெரிய ஃபோல்டராக இருந்தாலும் இரண்டு கமிட்டிலும் அதன் முகவரி ஒன்றென்றால் உள்ளே போய்ப் பார்க்கவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பெயர் மாற்றத்தையும் கிட் எங்கும் எழுதி வைப்பதில்லை. டிஃப் எடுக்கும்போதுதான் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, 50 சதவீதமாவது ஒத்துப்போனால் பெயர் மாறியதாக எடுத்துக்கொள்ளும். அதனால் பெயரை மாற்றுவதை ஒரு கமிட்டாகவும், உள்ளே பெரிதாகத் திருத்துவதை வேறொரு கமிட்டாகவும் போடுங்கள். கிட் போன்ற இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷன் வேறு மாதிரி: அங்கே ஃபோல்டருக்கே வரலாறு உண்டு, காலி ஃபோல்டரும் கமிட் ஆகும்.

உங்கள் ப்ராஜெக்டிலேயே 'கிட் எல்எஸ்-ட்ரீ ஹெட்' (git ls-tree HEAD) அடித்துப் பாருங்கள், இப்போதைய கமிட்டின் ட்ரீ தெரியும். தமிழில் பெயர் வைத்திருந்தால் 'ம' என்ற எழுத்து \340\256\256 என்று வரும். பயப்பட வேண்டாம், பெயர் கெடவில்லை. ட்ரீயில் இருப்பது யூடிஎஃப்-8 பைட்டுகள், திரையில் காட்டும்போதுதான் இப்படி ஆகிறது. 'கோர்.க்வோட்பாத்' (core.quotepath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகவே தெரியும்.