அம்மாவுக்குக் கீமோ தொடங்கப் போகிறது. இசை உண்மையிலேயே துணை நிற்குமா, எதைக் கேட்கச் சொல்லலாம்?

அடுத்த வாரம் உங்கள் அம்மாவுக்கு முதல் கீமோ என்றும், அவர் கர்நாடக இசையில் ஊறியவர் என்றும், கைப்பேசியில் எதையெல்லாம் ஏற்றிக் கொடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் மூன்றையும் கடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: துணை நிற்கும். ஆனால் அவருக்கு உயிரான பாட்டு எதுவோ, அதைக் கீமோ ஏறும் நாளில் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

காரணம் இருக்கிறது. குமட்டலோடு சேர்ந்து வந்த எதையும் உடல் எளிதில் மன்னிப்பதில்லை. 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கீமோ பெறும் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் புதிய சுவை கொண்ட ஓர் ஐஸ்கிரீமைக் கொடுத்துப் பார்த்தார். பின்னொரு நாளில் அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது அவர்களில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். சுவையும் மணமும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒலி ஒட்டிக்கொள்ளும் என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் மருத்துவமனை வாசலை மிதித்ததுமே, மருந்து ஏறுவதற்கு முன்பே வாந்தி எடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். முதல் முறை நான் வாயில் அடக்கிக்கொண்ட ஆரஞ்சு மிட்டாயை இன்றுவரை என்னால் கண்ணால் காண முடியவில்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்கு அந்தக் கதி நேரக் கூடாது என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பிடிக்கும், ஆனால் இழந்தாலும் அழமாட்டேன் என்று சொல்லக்கூடிய சில வீணைக் கச்சேரிகளையும் புல்லாங்குழலையும் கொண்டுபோனேன்.

வரிகள் உள்ள பாட்டா, சொற்களின்றி ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையா என்று கேட்டால், ஆலாபனை என்றே சொல்வேன். நன்றாக இருக்கும்போது ஆயிரம் முறை கேட்ட பக்திப் பாடலில்கூட, சரணாகதியையும் இந்த உடலின் நிலையாமையையும் சொல்லும் ஒரு வரி, கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கையில் எதிர்பாராமல் வந்து நெஞ்சில் குத்தும். ஆலாபனையில் அந்த ஆபத்து இல்லை. அது எங்கே போகிறது என்று பின்தொடர்வதற்குள் அரைமணி நேரம் கரைந்துவிடும். அதிலும் பேக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றுவதற்கு முன் ஒவ்வாமை வராமலிருக்கப் போடும் ஏவில் ஊசி கண்களைச் செருகவைக்கும். அந்த அரைத் தூக்கத்தில் ஒரே கல்யாணி ராகம் முடிவில்லாமல் விரிந்துகொண்டே போவது ஒரு தனிச் சுகம்.

எனக்கு வலக்கையில் ட்ரிப் ஏறியதால் இடக்கையால் போர்வையின்மேல் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருப்பேன். (என் பாட்டு டீச்சர் பார்த்திருந்தால் இடக்கையில் தாளமா என்று எழுப்பி உட்காரவைத்திருப்பார்.) தட்டிய பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணும்போது, சிகிச்சையின் பிற்பகுதியில் ஒருநாள், எந்த விரல் துணியைத் தொடுகிறது என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. பேக்ளிடாக்சல் விரல்நுனி நரம்புகளைப் பாதிப்பதுண்டு. மரத்துப்போவது கூடினால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள் என்பதால் அன்றே சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கும் தாளம் போடும் பழக்கம் இருந்தால், விரல்கள் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது கேளுங்கள்.

ராகம் கேட்டால் கட்டி கரையும் என்று வாட்ஸப்பில் வரும் செய்திகளை யார் அனுப்பினாலும் அழித்துவிடுங்கள். இசை புற்றுநோயைக் குணப்படுத்தாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 81 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 5,576 பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பெரியவர்களிடம் பதற்றமும் வலியும் சோர்வும் இசையால் குறையக்கூடும் என்கிறது. காதில் பாட்டு ஒலிப்பதைக் கேட்பவருக்கே தெரியாமல் கொடுக்க முடியாதென்பதால் இத்தகைய ஆய்வுகளின் உறுதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அது மறைக்கவில்லை. பதற்றம் குறைந்தாலே போதும் என்று நினைக்கும் நாட்கள் கீமோவில் ஏராளம், ஆகவே அதை நான் சிறிய லாபமாக எண்ணவில்லை.

ரேடியேஷன், அதாவது ஊரில் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அங்கே கதை வேறு. கைப்பேசியை வெளியே வைத்துவிட வேண்டும். நான் போன இடத்தில் அறைக்குள்ளேயே மெல்லிய இசை போட்டார்கள், ஆனால் அது என் விருப்பம் அல்ல, முந்தைய நோயாளியின் விருப்பமாகவே பெரும்பாலும் இருந்தது. இடது மார்புக்குக் கதிர் பாய்ச்சும்போது இதயம் சற்று விலகி நிற்பதற்காக மூச்சை ஆழ இழுத்து ஏறத்தாழ 20 வினாடி அடக்கச் சொல்வதுண்டு. கைகளைத் தலைக்குமேல் தூக்கிவைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கையில் 20 வினாடி மிக நீளம். மத்திம காலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில், ஆதி தாளத்தின் மூன்று ஆவர்த்தனம் (முழுச் சுற்று) என்று மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்ட பிறகு, மூன்றாவது ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சுக்குள் ஒலிபெருக்கியில் "மூச்சை விடலாம்மா" என்ற குரல் அநேகமாக வந்துவிடும். அங்கே எனக்கு உதவியது காதில் விழுந்த இசையைவிட, சிறுவயதில் கற்றுக்கொண்ட தாளம்தான்.

கீமோ முடிந்த அடுத்த சில நாட்களில் எந்த ஒலியுமே பிடிக்காமல் போகலாம். மிக்சி ஓடினாலும் எரிச்சல் வரும், பாட்டு போட்டாலும் வரும். அப்போது உறவினர்கள் நல்லெண்ணத்தோடு கவசத்தையும் நாமாவளியையும் சத்தமாக வைப்பார்கள். நோயாளியால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில் எழுந்துபோய் அணைக்கும் ஆளாக நீங்கள் இருங்கள். என்ன கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு அம்மாவுடையதாகவே இருக்கட்டும். உணவு, உடை, தூக்கம் என எல்லாவற்றையும் பிறர் தீர்மானிக்கும் மாதங்களில் அவர் கையில் மிஞ்சுவது அது ஒன்றாகக்கூட இருக்கலாம்.

அவருக்குக் கொடுக்கப்போகும் மருந்தின் பெயரையும் கேட்டுவையுங்கள். அது சிஸ்பிளாட்டின் என்றால் ஒலியளவைக் குறைத்தே கேட்க வேண்டும். அந்த மருந்து காதின் உட்பகுதியைத் தாக்கக்கூடியது, முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள், இழந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. தொடங்கும் முன்பே செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வதும், காதில் ரீங்காரம் கேட்டால் அடுத்த முறைவரை காத்திராமல் சொல்லிவிடுவதும் நல்லது.

தலையை வளைத்துப் பிடிக்கும் பெரிய ஹெட்போன் வாங்காதீர்கள். முடி கொட்டும் வாரங்களில் உச்சந்தலை புண்போல் வலிக்கும், தலையணை பட்டாலே தாங்காது. காதில் செருகும் சிறிய கருவியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு மருந்துப் பையையும் மாட்டும்முன் சிஸ்டர் வந்து பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பார், அது அம்மாவின் காதில் விழ வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலமாதலால் அந்தக் கருவியை வேறு யாருக்கும் கொடுக்காமல், தினமும் துடைத்து வையுங்கள்.