ஒரே கழிப்பறை, ஆயிரம் பேர்

கேள்வி: நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கழிப்பறைதான். பண்டிகை நாட்களில் உள்ளே கால் வைக்க முடிவதில்லை. முதலாளியிடம் சொன்னால், "ஜனங்கள் அப்படித்தான், நாம் என்ன செய்வது?" என்கிறார். சகித்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஜனங்கள்மீது பழி போடுவது உங்கள் முதலாளிக்கு வசதியான பதில். தீபாவளிக்கு முந்தைய வாரம் எத்தனை பேர் கடைக்கு வருவார்கள் என்று கணக்கிட்டு, கூடுதல் ஆட்களையும் கூடுதல் பில் கவுண்டர்களையும் ஏற்பாடு செய்கிறவருக்கு, அத்தனை பேரும் பயன்படுத்தும் கழிப்பறையைக் கழுவ ஒருவர் போதாது என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

வாடிக்கையாளர் ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். நீங்களோ சீருடைப் புடவையின் கரை ஈரத்தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தாழ்ப்பாள் இல்லாத கதவை மறு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தினமும் அங்கேதான் போயாக வேண்டும். மாதவிடாய் நாட்களில் நாப்கினைப் போட ஒரு மூடிய கூடைகூட இல்லாத இடங்கள் உண்டு. இதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்று, சிறுநீர்த் தொற்றோடு மருத்துவரிடம் போகிறார்கள் பெண்கள். இதை வெறும் அருவருப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஒன்றுசேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். தையல்காரரான பி. விஜி முன்னின்ற அந்த இயக்கம் பிறகு வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்கும் போராடியது. 2018இல் கேரளம் அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. நாற்காலிக்குச் சட்டம் வந்ததை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் நம்முடைய 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே, கடை வளாகம் சுத்தமாகவும், வடிகாலிலிருந்தோ கழிப்பறையிலிருந்தோ நாற்றம் எழாமலும் இருக்க வேண்டும் என்று சொல்வதை யாரும் முதலாளிக்கு நினைவூட்டுவதில்லை.

நீங்கள் நினைவூட்டுங்கள், தனியாக வேண்டாம், தனியாகப் பேசுகிறவருக்கு மறுநாளே வேலை போகலாம். உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, பணியாளர்களுக்குத் தனிக் கழிப்பறை, நல்ல தாழ்ப்பாள், மூடிய கூடை, கூட்ட நாட்களில் மணிக்கொரு முறை சுத்தம் என்று எழுதிக் கொடுங்கள். சுத்தம் செய்யும் அம்மாவின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கையுறைகூட இல்லாமல் அந்த அழுக்கைக் கழுவுகிறவர் அவர்தான். பதில் வராவிட்டால் அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்புங்கள்.