வாசகர் கேள்வி – பதில்: அவுட்டர் பேங்க்ஸ் கரையில் தூண்டில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் குடியேறியுள்ள வாசகர்களிடமிருந்து, அந்த மாநிலத்தின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளில் தூண்டில் போடுவது குறித்து அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. பெருநிலத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே மெல்லிய மணல் கீற்றாக ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளும் தீவுத்தொடர் அது. கடிதங்கள் யாவும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், அவற்றில் ஐந்தைத் தேர்ந்து இம்முறை சேர்த்தே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஜூலை மாதத்தில் நாக்ஸ் ஹெட் கரையில் ஒரு வாரம் தங்கினோம். முதல் இரண்டு நாட்கள் சிறு மீன்களாவது கிடைத்தன. பிறகு வானம் தெளிந்து, வெயிலும் காற்றும் நன்றாக இருந்தும் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. கடல்நீரும் கால் வைக்க முடியாதபடி குளிர்ந்துவிட்டது. அதே இடத்துக்கு அக்டோபரில் சென்ற நண்பர் பெட்டி நிறைய மீன் கொண்டுவந்தார். குறை இடத்திலா, காலத்திலா, எங்களிடமா? – ராலே வாசகர்

குறை உங்களிடம் இல்லை. நீங்கள் எதிர்கொண்டது கோடைக்காலத் தென்மேற்குக் காற்றின் வேலை. அந்தக் காற்று கரைக்கு இணையாக வடகிழக்கு நோக்கி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்ட நீர் வலப்புறமாக, அதாவது கடலை நோக்கி விலகிச் செல்கிறது. விலகிய வெதுவெதுப்பான நீரின் இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் கரையோரம் மேலெழும்பி வருகிறது. ஓரிரு நாட்களுக்குள் நீரின் வெப்பம் பல டிகிரி இறங்கிவிடும். அந்த நீரை விரும்பி வந்த மீன்கள் அங்கே நிற்பதில்லை. கரையில் நிற்பவருக்கு அது அருமையான கடற்கரை நாளாகவே தோன்றுவதால்தான் பலரும் தங்கள் இரையையும் முள்ளையும் நொந்துகொள்கிறார்கள். காற்று அப்படி இரண்டு நாள் தொடர்ந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே ஹாட்டரஸ் தீவின் முனையைக் கடந்து ஃபிரிஸ்கோ பக்கம் செல்லுங்கள். அங்கே கரை தெற்கு நோக்கித் திரும்பிவிடுவதால் அதே காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. அலை கொந்தளிப்பாக இருந்தாலும் நீரில் வெதுவெதுப்பு இருக்கும்.

உங்கள் நண்பரின் அக்டோபர் வெற்றிக்குக் காரணம் தீவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பாம்லிகோ சவுண்ட் எனப்படும் பெருங்காயல், ஸ்பாட், குரோக்கர், மடவை போன்ற மீன்களின் குஞ்சுகளுக்கு வளர்ப்பிடம். கோடை முழுவதும் அதில் தின்று கொழுத்த மீன்கள், இலையுதிர்காலத்தில் நீர் குளிரத் தொடங்கியதும் ஒரிகன், ஹாட்டரஸ், ஒக்ரகோக் முகத்துவாரங்கள் வழியாகக் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு வெளியேறுகின்றன. முன்னே மடவைக் கூட்டம் கரையை ஒட்டிச் செல்ல, அதைத் தின்னும் பெரிய மீன்கள் பின்னே வருகின்றன. ஒரு காயலின் ஆறு மாத விளைச்சல் சில முகத்துவாரங்கள் வழியாகச் சில வாரங்களில் கரையைத் தாண்டிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை அந்தக் கரையில் நிற்பவர்கள் எதற்காக விடுப்பை அந்த நாட்களுக்குச் சேர்த்துவைக்கிறார்கள் என்பது புரியும். குறிப்பாக, குளிர்க்காற்று ஒன்று கடந்துபோன பிறகு வடகிழக்கிலிருந்து காற்று வீசி, நீர் சற்றுக் கலங்கி, அலை உயரும் நாட்களை அவர்கள் விடுவதே இல்லை.

மற்றப் பருவங்களும் வெறுமையானவை அல்ல. ஏப்ரலில் ஸீ மல்லட் எனப்படும் சிறு மீனும் அதைத் தொடர்ந்து ப்ளூஃபிஷும் வருகின்றன. மே மாதக் கடைசியில் நம் கடலிலும் உள்ள கடல் விரால் முனைப் பகுதியில் தென்படும். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஸ்பானிஷ் மாக்கரல் வரத் தொடங்கும். அது நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு; விடியற்காலையில், தூண்கள்மேல் கடலுக்குள் நீளும் நடைமேடையான பியரிலிருந்து பளபளக்கும் உலோக இரையை வேகமாகச் சுருட்டி இழுத்தால் பாய்ந்து பிடிக்கும். ஆகவே பள்ளி விடுமுறை காரணமாக ஜூலையில்தான் செல்ல முடியும் என்றால், காற்று எழுவதற்கு முந்தைய விடியல் நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். நடுப்பகலில் குழந்தைகளை நீராட விடுங்கள். குளிர்காலத்தில் போவதற்கு நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

கேள்வி: நானும் என் பத்து வயது மகனும் இதுவரை தூண்டில் பிடித்ததில்லை. கடற்கரையில் தொடங்குவதா, பியரில் தொடங்குவதா? உரிமம் வேண்டுமா? – கேரி வாசகி

பியரில் தொடங்குங்கள், அம்மா. கரையில் நின்று வீசுவதற்குத் தோள் வலிமையும் பழக்கமும் வேண்டும்; பியரில் அலை மடியுமிடத்தைக் கடந்து நின்று தூண்டிலை நேராகக் கீழே இறக்கினாலே போதும். வட கரோலினாவின் கடலோர நீரில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரிமம் கட்டாயம். ஆனால் பல பியர்கள் அங்கே மீன் பிடிப்பவர் அனைவருக்கும் சேர்த்துப் பொது உரிமம் பெற்றுள்ளன, நுழைவுக் கட்டணத்திலேயே அது அடங்கிவிடும். நாக்ஸ் ஹெட்டிலுள்ள ஜென்னட்ஸ் பியர் அப்படிப்பட்டது. 1939இல் மரத்தில் கட்டப்பட்ட அந்தப் பியரை 2003இல் இசபெல் சூறாவளி சிதைத்தது. மாநில அரசின் மீன்காட்சியக அமைப்பு அதைக் கான்கிரீட்டில் 1,000 அடி நீளத்துக்கு மீண்டும் எழுப்பி 2011இல் திறந்தது. தூண்டிலும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

இரண்டு முள் கட்டிய அடித்தூண்டில், சிறிய முள், முள்ளை மறைக்கும் அளவுக்கு மட்டும் ஒரு இறால் துண்டு. இவ்வளவுதான் தேவை. பெரிய துண்டாகக் கோத்தால் சிறுமீன்கள் அதைக் கொத்திப் பிய்த்துவிட்டுப் போய்விடும். பையன் வெறும் முள்ளையே திரும்பத் திரும்ப இழுத்துச் சலித்துவிடுவான். இன்னொன்று: பியரின் கடைக்கோடி, கிங் மாக்கரலுக்கும் கடல் விராலுக்கும் உயிர் இரை விட்டுக் காத்திருப்பவர்களின் இடம். அங்கே இடையில் புகுந்து தூண்டில் போட்டால் கயிறுகள் சிக்கிக்கொள்ளும். அலை மடியுமிடத்துக்குச் சற்று அப்பால், பியரின் நடுப்பகுதியே உங்களுக்கு ஏற்றது. ஸ்பாட்டும் குரோக்கரும் அங்கேதான் மேய்கின்றன.

கேள்வி: 12 அடிக் கழி வாங்கி, கடலுக்குள் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுகிறேன். என் பக்கத்தில் ஒரு முதியவர் முழங்கால் நீருக்குச் சற்று அப்பால் போட்டு மீனாக எடுக்கிறார். அவர் எதைப் பார்க்கிறார்? – ஷார்லட் வாசகர்

அவர் மணலைப் பார்க்கிறார். அந்தக் கரைகளில் கடலடி சீரான சரிவு அல்ல. கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு ஓடும். திட்டுக்கும் கரைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கும். திட்டின் மேல் அலை வெண்ணுரையாக மடியும்; பள்ளத்தின் மேல் வந்ததும் நுரை அடங்கி நீர் சற்றுக் கருமையாகத் தெரியும்; மறுபடி கரையோரம் மடியும். அலை கிளப்பிவிடும் சிப்பி, புழு, சிறு நண்டு எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் வந்து சேர்கின்றன, மீனும் அங்கேதான் உலவுகிறது. நீங்கள் முழு வலிமையுடன் வீசும்போது உங்கள் ஈயக்குண்டு மீனைத் தாண்டித் திட்டின் மேலேயோ அதற்கும் அப்பாலோ விழுகிறது.

திட்டில் இடையிடையே வெட்டுகள் இருக்கும். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாசல்கள் அவை. சுற்றிலும் அலை மடிய, அந்த ஓரிடத்தில் மட்டும் மடியாமல் நீர் கலங்கிப் போய்க்கொண்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். பெரிய மீன் அந்த வாசலின் ஓரத்தில் காத்திருக்கும் என்பதால் அது தூண்டில்காரருக்கு மிகச் சிறந்த இடம். அதே காரணத்தால் நீராடுவோருக்கு மிக ஆபத்தான இடமும் அதுவே, ஏனெனில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஓடுவது அங்கேதான். இடுப்பளவு நீரில் இறங்கி வீசும் பழக்கம் உங்களுக்கிருந்தால் தயவுசெய்து அந்த வாசலின் நேரே நிற்காதீர்கள். அகப்பட்டுக்கொண்டால் எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளச் சிறந்த நேரம் தூண்டில் போடாத நேரம். அங்கே ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், நீர் நன்றாக வற்றிய வேளையில் மணல்மேட்டின் மீதேறி நின்று பார்த்தால் திட்டும் பள்ளமும் வெட்டும் வரைபடம்போல் தெரியும். இன்ன வீட்டுக்கு நேரே, இன்ன கம்பத்துக்கு இடப்புறம் என்று குறித்துக்கொண்டு, ஏற்றம் தொடங்கியதும் அங்கே வாருங்கள். சென்ற ஆண்டு குறித்த இடத்தை இந்த ஆண்டு நம்ப வேண்டாம். ஒரு புயல் போதும், திட்டு முழுவதுமாக இடம் மாறிவிடும். அந்தத் தீவுகளே நகர்பவை: கடல் நெருங்கிவிட்டதால் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தையே 1999இல் 2,900 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள், ரோடாந்தேயில் கடலோர வீடுகள் பல அண்மை ஆண்டுகளில் சரிந்து அலைக்குள் விழுந்திருக்கின்றன. அந்தப் பகுதி நீரில் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம், ஆணிகள் இருக்கக்கூடும்.

இரையும் அந்த முதியவரின் காலடியிலேயே கிடைத்திருக்கும். ஓர் அலை ஏறி இறங்கும்போது, வடியும் நீரில் ஈர மணலின் மேல் சின்னச் சின்ன அம்புமுனை வடிவக் கோடுகள் கொத்தாகத் தோன்றி மறையும். கட்டைவிரல் நுனியளவு மணல் நண்டுகள் உடலைப் புதைத்துக்கொண்டு உணர்கொம்புகளை மட்டும் நீட்டி உணவு வடிகட்டும் அடையாளம் அது. அடுத்த அலை வருமுன் இரு கைகளாலும் அந்த மணலை அள்ளினால் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக, பின்புறமாகவே குடைந்து தப்பப் பார்க்கும் நண்டுகள் உள்ளங்கையில் நெளியும். அடியில் செம்மஞ்சள் முட்டைத்திரளுடன் இருப்பதைப் பாம்பனோ மீனும் ஸீ மல்லட்டும் மிக விரும்புகின்றன. கடையில் விலைகொடுத்து வாங்கும் எந்த உறைந்த இரையும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: அக்டோபரில் ஏவன் பியரில் நண்பர்கள் குழுவாகச் சென்றபோது என் தூண்டிலில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட ரெட் டிரம் மீன் சிக்கியது. வலையை இறக்கி மேலே தூக்கியதும், அளந்துவிட்டு உடனே விட்டுவிடும்படி அருகிலிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். சிறியதை விட்டுவிடுவது முறை. பெரியதை ஏன் விட வேண்டும்? – டர்ஹம் வாசகர்

அவர்கள் செய்தது மிகச் சரி, நீங்கள் விட்டதும் மிகச் சரி. அந்த மாநிலச் சட்டப்படி 18 முதல் 27 அங்குலம் வரையுள்ள ஒரே ஒரு ரெட் டிரம்மைத்தான் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். 27 அங்குலத்தைத் தாண்டியது ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. நம் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த இது 60 ஆண்டுகளைக் கடந்தும் வாழக்கூடியது. ஏறத்தாழ நான்கு வயதில்தான் முதல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. உங்கள் கையில் இருந்தது, கோடையின் இறுதியில் காயலிலும் முகத்துவாரங்களிலும் ஆண்டுதோறும் இனம் பெருக்கிவந்த ஒரு மீன். வயதில் உங்களைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். சிறியதை மட்டும் காத்துப் பெரியதை எடுத்துக்கொண்டே போனால், குஞ்சு பொரிக்க எதுவும் மிஞ்சாது. 1984 நவம்பரில் அதே ஏவன் கரையில்தான் 94 பவுண்டு 2 அவுன்ஸ் எடையுள்ள உலகச் சாதனை ரெட் டிரம் பிடிபட்டது. அத்தகைய மீன்கள் அங்கே இன்னும் உலவுவதற்கு இந்தச் சட்டமும் அதை மதிக்கும் மனிதர்களுமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 40 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதை விடுவித்தவருக்கு மாநில மீன்வளத் துறை சான்றிதழ் வழங்குகிறது, விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். நுனி உள்ளே வளைந்த வட்டமுள்ளைப் பயன்படுத்தினால் மீன் விழுங்கினாலும் வாயோரத்திலேயே மாட்டும், குடலைக் கிழிக்காது. கயிறு மெல்லியதாக இருந்தால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்க நேரிடும். வலுவான கயிறும் கழியும் கொண்டு விரைவில் மேலேற்றுவதே இரக்கம். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுக்காதீர்கள். அந்த எடை செவுளையும் முதுகெலும்பையும் சிதைக்கும். வயிற்றுக்கடியில் ஈரக்கையால் தாங்கி ஒரு படம், பிறகு மீண்டும் வலையில் வைத்தே கீழே இறக்குங்கள். பியரின் உயரத்திலிருந்து தூக்கி எறியக் கூடாது.

கேள்வி: ப்ளூஃபிஷ் நிறையக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சமைத்தால் நாற்றம் தாங்கவில்லை. கிங் மாக்கரலை வஞ்சிரம்போல் வறுத்து எல்லோருக்கும் கொடுக்கலாமா? – கிரீன்ஸ்பரோ வாசகி

ப்ளூஃபிஷ் எண்ணெய்ச் சத்து மிகுந்தது. பிடித்த நிமிடத்திலிருந்து அதன் சுவை இறங்கத் தொடங்கும். பிடித்தவுடனேயே செவுளருகே கீறி இரத்தத்தை வடியவிட்டு, வெறும் பனிக்கட்டியின் மேல் வைக்காமல், கடல்நீர் கலந்த பனிக்கட்டிக் குழம்பில் முழுவதும் மூழ்கும்படி போடுங்கள். வீட்டில் தோலை உரித்ததும் நடுவே நீளவாக்கில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை வெட்டி எறிந்துவிட வேண்டும்; நாற்றத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அன்றே சமைப்பதானால் புளி தூக்கலாக வைத்த குழம்புக்கு அது நன்றாகவே பொருந்தும். உறையவைத்து அடுத்த மாதம் உண்ணும் மீன் அல்ல அது.

கிங் மாக்கரல் பார்ப்பதற்கும் வறுப்பதற்கும் வஞ்சிரம் போன்றதே. ஆனால் அதில் பாதரசம் மிகுதி. கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் அதை உண்ணக் கூடாது என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியுள்ளது. குழந்தைகளுக்கு ஸ்பாட், குரோக்கர், ஸீ மல்லட் ஆகிய சிறு மீன்களைக் கீறி மசாலா தடவி முழுதாக வறுத்துக் கொடுங்கள். முள்ளை மட்டும் கவனமாக எடுத்துவிட வேண்டும்.