இன்ஹேலர் ஸ்டீராய்டு: வாசகர் கேள்விகள்

குலசேகரத்திலிருந்து: ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் இடத்தில் வேலை. ஆஸ்துமாவுக்குப் புடசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்து நான்கு நாளாகியும் இழுப்பு குறையவில்லை. நீல இன்ஹேலர்தான் கைகொடுக்கிறது. இது எதற்கு?

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஒவ்வாமையால் இயோசினோபில் எனும் வெள்ளையணுக்கள் குவிந்து, சளிச்சவ்வு தடித்து, கோழை சுரந்து கிடக்கிறது. ஸ்டீராய்டு அந்த அணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்களின் உற்பத்தியையே அடக்குகிறது. அதனால்தான் தாமதம்: ஓரிரு வாரத்தில் தெரியும், முழுப் பலனுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். தினமும் இழுங்கள். நீலம் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் வீக்கம் அடங்கவில்லை என்று பொருள், மருத்துவரைப் பாருங்கள். புகை தொடரும்வரை மருந்து பாதி வேலைதான் செய்யும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

குளச்சலிலிருந்து: மகனுக்கு 9 வயது. ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. வளர்த்தி நின்றுவிடுமா?

நிற்காது. 25 கிலோ பிள்ளைக்கு இழுப்பு முற்றும்போது தரும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்குச் சுமார் 25 மில்லிகிராம், அதாவது 25,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது 100 முதல் 200 மைக்ரோகிராம். முதல் ஓராண்டில் வளர்ச்சி சராசரியாக அரை முதல் 1 சென்டிமீட்டர் குறையலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: நாக்கில் வெள்ளை படிகிறது, தொண்டை கம்முகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையில் படிகிறது. அந்த வெள்ளை பூஞ்சை. இன்ஹேலரைச் செருகி இழுக்கும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசர் ஒன்றை வாங்குங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிச் செருகுங்கள். மூச்சை வெளியே விட்டு, வாயால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தி, உடனே மெதுவாக ஆழ இழுத்து, 10 எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடம் விட்டு, திரும்பக் குலுக்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒட்டிக்கொண்டு சுவரில் படிந்துவிடும். முடிந்ததும் தண்ணீரைத் தொண்டைவரை விட்டுக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். படிந்திருக்கும் பூஞ்சைக்குத் தனி மருந்து உண்டு.

ஸ்பேசரைப் பலரும் துணியால் பளபளவென்று துடைக்கிறார்கள். அங்கேதான் தப்பு. உராய்வில் நிலைமின்சாரம் ஏறி, பிளாஸ்டிக்கே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, அலசாமல் காற்றில் உலரவிட்டால் போதும்.

கருங்கலிலிருந்து: மழைக்காலத்தில், கருவியில் போட்டு இழுக்கும் கேப்சூலின் பொடி கட்டிபிடிக்கிறது.

ஜூனிலும் அக்டோபரிலும் மழை பிடிக்கிற நம் ஊரில் இது நடக்கும். இழுக்கும் நேரத்தில் மட்டும் ஒரு கேப்சூலை ஈரமில்லாத கையால் எடுத்து, டப்பாவை உடனே மூடுங்கள். கருவிக்குள் ஊதாதீர்கள், மூச்சின் ஈரமே பொடியை ஒட்டவைக்கும். ஸ்பேசருக்கு மெதுவாக என்றால், பொடிக்கு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இழுத்தபின் திறந்து பாருங்கள். பொடி மீதமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள்.