கால் போனதால் வேலையும் போக வேண்டியதில்லை

கேள்வி: என் கணவர் தமிழ்நாடு காவல்துறையில் தலைமைக் காவலர். 2001-இல் பணியில் சேர்ந்தார். நான்கு மாதங்களுக்கு முன் இரவு வாகனத் தணிக்கையில் நின்றபோது லாரி மோதியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், பென்ஷன் வரும்" என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? நஷ்ட ஈடு கிடைக்குமா?

பதில்: போட வேண்டாம் சகோதரி. நீங்கள் அனுப்பிய நகலில் "எனது சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். அதன் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால், பணியில் காலை இழந்தவர் தானாக வேலையை விட்டவர் ஆகிவிடுவார். படுக்கையில் கிடப்பவரிடம் இதை நீட்டியது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4) உங்கள் பக்கம் இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி இடமே இல்லையா? பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. அதன்படி, காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும் என்று காட்டி வேலையை மறுக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னது. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு 2021-இல் கொடுத்த விலக்கு மாநிலக் காவலரான இவருக்குப் பொருந்தாது.

அவரே இனி முடியாது என்று முடிவெடுத்தால், அப்போதும் விருப்ப ஓய்வு வேண்டாம். மருத்துவக் குழுச் சான்றுடன் இயலாமை ஓய்வூதியம் கேளுங்கள். 1.4.2003-க்கு முன் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில்தான் வருகிறார்.

சரி, நஷ்ட ஈடு. அது லாரி உரிமையாளரிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்க வேண்டியது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது. சம்பளம் வருகிறதே என்று எதிர்த்தரப்பு வாதாடும். வலி, செயற்கைக் கால், அதைப் பின்னாளில் மாற்றும் செலவு, பதவி உயர்வு இழப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இந்த வாரமே எஃப்.ஐ.ஆர். நகல், அன்றைய இரவுப் பணி பதிவான நிலையப் பொது நாட்குறிப்பின் நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றையும் வாங்குங்கள். அப்புறம் மாற்றுப் பணி கேட்டு, பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.