வீடு கட்டிக் கொடுத்தவன்

கேள்வி: கொலம்பியாவின் போதைப்பொருள் மன்னன் பாப்லோ எஸ்கோபார் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன். அந்த ஊர் மக்களே அவனை ராபின்ஹுட் என்று கொண்டாடுகிறார்களே?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வீடு கட்டிக் கொடுத்தது நிஜம். மெடலின் நகரக் குப்பைமேட்டில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு 400-க்கும் மேற்பட்ட வீடுகள். அதில் குடியிருப்பவர் சுவரில் அவன் படத்தை மாட்டியிருந்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். வெப் சீரிஸ் பார்த்துவிட்டு நீங்கள் மாட்டினால்தான் கேட்பேன்.

அந்த வீடுகள் ஓட்டாகவும் மாறின. 1982-ல் நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராகவே (உறுப்பினர் வராதபோது அவர் இடத்தில் உட்காருபவர்) போய்விட்டான். 'இந்தப் பணம் ஏது?' என்று எழுந்து கேட்டவர் நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனில்லா. 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோவுக்கோ, இந்தப் பேரை எங்கோ பார்த்த ஞாபகம். பழைய இதழ்களைத் தோண்டினார். 1976-ல் கொக்கெய்ன் கடத்தலில் எஸ்கோபார் கைதான செய்தி, தன் பத்திரிகையிலேயே வந்தது, கிடைத்தது. 1983 ஆகஸ்டில் அதை மறுபடி போட்டார். அன்று மெடலினில் கடைக்கு வந்த பிரதிகளை எஸ்கோபாரின் ஆட்களே அள்ளி வாங்கிக்கொண்டு போனார்கள். (எங்கள் விற்பனைப் பிரிவுக்கு இப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.)

அத்தோடு அவன் அரசியல் கனவு முடிந்தது. ஆனால் கணக்கு முடியவில்லை. 1984 ஏப்ரலில் அமைச்சரைச் சுட்டுக் கொன்றார்கள். 1986 டிசம்பர் 17 மாலை, கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்களோடு அலுவலகத்திலிருந்து காரில் கிளம்பிய கானோவை, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வாசலிலேயே சுட்டார்கள். 1989-ல் அந்த அலுவலகத்துக்கே குண்டு. மறுநாளும் பத்திரிகை வந்தது. அடுத்த மாதம் மெடலினில் அதன் நிர்வாகத்தையும் விநியோகத்தையும் பார்த்த இருவர் கொல்லப்பட்டார்கள். பேப்பர் போடுவதைப் பார்த்துக்கொண்டவர்கள், ஐயா! அவர்கள் வேலை பார்த்ததும் நீங்கள் சொல்லும் அதே ஊரில்தான். நவம்பரில் ஓர் அரசியல்வாதியைக் குறிவைத்துப் பயணிகள் விமானத்தில் குண்டு. உள்ளே இருந்த 107 பேரும் பலி. குறிவைக்கப்பட்ட செசார் கவீரியா அதில் ஏறவே இல்லை. மறுவருடம் அவரே ஜனாதிபதி.

'அமெரிக்கச் சிறையைவிடக் கொலம்பியாவில் கல்லறை மேல்' என்பது இந்தக் கும்பலின் கோஷம். 1991 ஜூனில், கொலம்பியர்களை வழக்குக்காக அமெரிக்கா போன்ற வெளிநாடுகளிடம் ஒப்படைக்கத் தடை விதித்து அரசியல் நிர்ணய சபை ஓட்டுப் போட்ட அன்றே எஸ்கோபார் சரணடைந்தான். எந்தச் சிறைக்கு? தானே இடம் பார்த்து, தன் வசதிக்குக் கட்டிக்கொண்ட சிறைக்கு. கால்பந்து மைதானம், மதுக்கூடம் எல்லாம் உண்டு. அங்கிருந்தபடியே தன் கூட்டாளிகளையே தீர்த்துக்கட்டினான் என்று தெரிந்து, வேறு இடத்துக்கு மாற்ற ராணுவம் போனபோது நழுவிவிட்டான். அது 1992 ஜூலை.

1993 டிசம்பர் 2-ம் தேதி, 44-வது பிறந்தநாளுக்கு மறுநாள், மெடலினில் ஓட்டுக் கூரை மேல் ஓடும்போது சுடப்பட்டுச் செத்தான். கோடீஸ்வரர் பட்டியலில் இடம்பிடித்தவனுக்கு அன்று காவல் ஒரே ஓர் ஆள். அவன் போனதும் கொக்கெய்ன் வியாபாரம், கொலம்பியாவின் இன்னொரு நகரமான 'காலி'யில் (Cali) இருந்த போட்டிக் கும்பலின் கைக்குப் போனது. அவனை வேட்டையாடியவர்களுக்குப் பணமும் துப்பும் கொடுத்ததே அந்தக் கும்பல்தான்.