காட்டுச் சரக்குக்கு ஒரு பிறப்புச் சான்று

கேள்வி: இந்தியாவும் இலங்கையும் கைகோத்துக் காடு சார்ந்த பசுமைப் பொருளாதாரத்தை வளர்க்க வேண்டும் என்று கொழும்பு ஹோட்டல்களில் மாநாட்டுக்கு மாநாடு முழங்குகிறார்கள். இது நடக்கிற காரியமா, இல்லை இன்னொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு சரியா?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஏற்கெனவே நடக்கிறதே! கடத்தல்காரர்கள் நடத்துகிறார்கள். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் வெட்டிய செஞ்சந்தனம் கொழும்புத் துறைமுகத்தில் சுங்கத்தினரிடம் பிடிபடுகிறது. நம் ஈரவலயக் காட்டில் வளரும் அகில் வகை மரமான வல்லப்பட்டை பயணப்பெட்டிக்குள் ஒளிந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை போய்விடுகிறது. இரண்டுமே, அருகிவரும் உயிரினங்களின் நாடுகடந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. செஞ்சந்தனம் 1995 முதல், வல்லப்பட்டை 2005 முதல். அந்தப் பட்டியல் வியாபாரத்தைத் தடை செய்வதில்லை. சரக்கு எங்கே, எப்படி வந்தது என்று காட்டி அனுமதிப்பத்திரம் எடு என்கிறது. சிக்கலே அந்தக் காட்டுதலில்தான்.

வல்லப்பட்டையையே பாருங்கள். நோயற்ற மரத்தில் வாசனைப் பிசின் கிடையாது. மரம் காயப்பட்டு, பூஞ்சை புகுந்த பிறகு, அதை எதிர்க்கச் சுரப்பதே பிசின். வெளிறிய மரத்துக்குள் கரும்பழுப்புக் கோடுகளாக அது படியும். எந்த மரத்தில் படிந்திருக்கிறது என்பது வெளியே சரிவரத் தெரியாது. அதனால் கள்ளமாக வெட்டுகிறவன் வெறும் மரங்களையும் சேர்த்துச் சாய்க்கிறான். தோட்டத்தில் அகில் வளர்ப்பவரோ தண்டில் துளையிட்டு, பூஞ்சைக் கரைசல் செலுத்தி, மேலும் சில ஆண்டுகள் காத்திருக்கிறார். ஆனால் சீவலாகிவிட்டால் தோட்டத்து மரத்தையும் காட்டு மரத்தையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது.

ஆகவே ஒத்துழைப்பு தொடங்க வேண்டிய இடம் நாற்றுமேடை. கன்று நடும்போதே பதிவு, மரத்துக்கு இலக்கம், துளையிட்ட தேதி, வெட்டியபின் கட்டையின் எடை, சீவலின் எடை. பத்து மரம் பதிந்தவர் ஐம்பது மரத்துச் சீவலைக் கொண்டுவந்தால் கணக்கே காட்டிக்கொடுக்கும். கூடவே, பெங்களூரு மர அறிவியல் நிறுவனமும் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகமும் அடையாளம் உறுதியான மர மாதிரிகளைப் பரிமாறி வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட மாதிரி இல்லாத ஆய்வுகூடத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.  

அடுத்தது பணம். கேரளத்தின் அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்த கதை இந்த மாநாடுகளில் அடிக்கடி சொல்லப்படும். உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை, அதில் பாதி காணிகளுக்கு. ஏட்டில் அருமை. மீதிக் கதையை யாரும் சொல்வதில்லை. காட்டுக்குள் அந்தச் செடியைப் பயிரிடவும் இலை பறிக்கவும் வனத்துறை மறுப்புச் சொன்னது. மூலப்பொருள் வரத்து தடைப்பட்டது. மருந்தை உருவாக்கிய ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் ஒரே மாநிலத்தில் இருந்துமே ஒத்துப்போகவில்லை. அந்தச் செடியினம் நம் நாட்டுக் காட்டிலும் உண்டு. பத்தரமுல்லையில் இருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களம் எந்த மாதத்தில், எத்தனை கிலோ, யார் பறிக்கலாம் என்று எழுதித் தராமல் பங்கு பிரிப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் இறப்பருக்கு அவகாசம் இன்னும் குறைவு. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்துச் சரக்கு வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அமலாகும் தேதி தள்ளிப்போகிறதே தவிர விதி இருக்கிறது. 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட தோட்டத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆறு தசமத்தானத்துக்கு அகலாங்கு, நெட்டாங்கு கொண்ட ஒரு புள்ளி போதும். கேகாலைச் சிற்றுடைமையாளருக்கு இது ஒரு கைத்தொலைபேசி வேலை. கெடுவது அடுத்த கட்டத்தில்: வியாபாரி இருபது பேரின் இறப்பர் ஷீட்டை ஒரே அடுக்கில் போடுகிறார். அதில் ஒன்றின் மூலம் தெரியாவிட்டாலும் முழு அடுக்கும் தகுதி இழக்கும். நம் டயர்த் தொழிற்சாலைகள் இறக்குமதி இறப்பரையும் கலப்பதால், அது வந்த நாட்டுத் தோட்டத்தின் தரவும் கூடவே வந்தாக வேண்டும். இந்தியாவின் கோட்டயத்து ரப்பர் வாரியம் தன் பக்கத்தில் தோட்டங்களை அளக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு நாடும் ஒரே படிவத்தில் அளந்தால் வேலையில் பாதி குறையும். மாநாட்டுக்கு அழைப்பிதழ் கிடைத்தால், அந்தப் படிவம் எந்தத் திணைக்களத்தின் மேசையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.